எங்கள் அம்மா ஓடிப்போகப் போகிறாள்!

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். வரும் தை மாதத்தோடு எங்களுக்குத் திருமணமாகி ஆறு ஆண்டுகள் நிறைகின்றன. நான் பள்ளி ஆசிரியை. கணவர் திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறார். மகனுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. போகிறான். மகளுக்கு இருபது மாதம். இரவில் இன்னமும் தாய்ப்பால் குடிக்கிறாள். மகன் பிறந்த பிறகு நாங்கள் இருவர் மட்டுமாக ஒரு டீ குடிக்கக்கூட வெளியே போனதில்லை. திருமண நாளுக்கு ஐந்து நாள் எங்காவது போய்வரலாம் என்கிறார் கணவர். காங்கேயம் பக்கம் தோட்டத்தில் இருக்கும் என் அம்மா, பிள்ளைகளைத் தான் வைத்துக்கொள்வதாகச் சொல்கிறார். ‘இரண்டும் தூங்கும்போது கிளம்பிவிடு, இதோடு சின்னவளுக்குப் பாலையும் மறக்கடித்துவிடலாம்’ என்பது அவர் யோசனை. கணவரின் அம்மாவான அத்தையோ, ‘பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டு என்ன ஊர்சுற்றல்’ என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்.

இதற்கிடையே சென்ற வாரம் சென்னிமலையில் என் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது என் மகன், ‘எங்கள் அம்மா ஓடிப்போகப் போகிறாள்!’ என்று சத்தமாகச் சொன்னான். ‘யாரோடு கண்ணு?’ என்று யாரோ கேட்க, ‘அப்பாவோடு!’ என்றான். பந்தியே சிரித்தது. எனக்கு மட்டும் அழுகை வந்தது. நாங்கள் போவது தவறா? குழந்தைகளின் மனம் பாதிக்குமா? சொல்லிவிட்டுப் போவதா, சொல்லாமல் போவதா?

ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள அம்மணி,

பந்தியில் சிரித்தவர்கள் கூட்டத்தில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடிப்போவதற்கு உங்கள் மகன் பார்த்துக் கொடுத்திருக்கும் மாப்பிள்ளை, இரு வீட்டாரும் குறை சொல்ல முடியாதவர்.

அவனுக்கு இந்தச் செய்தி எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தீர்களா? ‘அவன் பார்க்காத நேரமாகப் பார்த்து ஓடிவிட வேண்டும்’ என்று நீங்கள் உங்கள் அம்மாவிடம் போனில் பேசியிருப்பீர்கள். அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து லாரி ஓட்டிக்கொண்டிருந்திருப்பான். லாரி ஓட்டுகிற பிள்ளைக்குக் காது கிடையாது என்று பெற்றோர்கள் எல்லோரும் நம்புகிறார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களின் பேச்சில் மறைபொருள், கேலி, சாடை எதுவும் பிடிபடாது. சொற்கள் மட்டும் அப்படியே பதிந்துவிடும். என் கிளினிக்கில் ஒரு பையனைப் பார்த்து, ‘வயிற்றில் பூச்சி இருக்கிறது, மருந்து கொடுத்துவிடலாம்’ என்று அவன் அம்மாவிடம் சொன்னேன். பையன் உதடு பிதுங்கியது. ‘பூச்சி செத்துப்போய்விடுமா?’ என்று கேட்டான். அத்தனை நாளாகத் தன்னை நம்பி உள்ளே குடியிருந்த ஜீவனுக்காக அவன் அழுத அழுகையை நிறுத்த நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. இன்னொரு பெண் குழந்தையிடம், ‘எங்கே வலிக்கிறது கண்ணு?’ என்றேன். ‘பள்ளிக்கூடத்தில்’ என்றாள். அதைவிடச் சரியான நோய்க்குறிப்பை எந்தப் பெரியவரும் எனக்குச் சொன்னதில்லை.

உங்கள் மகன் சொன்னதும் இந்த வகைதான். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. வீட்டுச் செய்தியை ஊருக்குப் படித்துக் காட்டியிருக்கிறான், அவ்வளவுதான். உங்களுக்கு அழுகை வந்ததற்கு, அதே பந்தியில் அத்தையும் இலை போட்டு உட்கார்ந்திருந்ததுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. அத்தை விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். ஒரு லாபத்தையும் கவனியுங்கள்: சொல்லிவிட்டுப் போவதா, சொல்லாமல் போவதா என்று நீங்கள் கேட்ட கேள்விக்கு அவனே சென்னிமலையில் வைத்துப் பதில் சொல்லிவிட்டான். அவனுக்குத் தெரியும். இனி ஒளிந்து போவதற்கு வழியில்லை.

போய்வாருங்கள் என்பதுதான் என் ஆலோசனை. ஐந்து நாள் வேண்டாம். முதல் தடவைக்கு இரண்டு இரவு போதும்.

தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். மகள் பிறந்தபோது மகனுக்கு மூன்று வயதுகூட நிறைந்திருக்காது. நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த இரவுகளில் அவன் யாரிடமோதான் இருந்திருப்பான். ‘பிள்ளையின் மனம் என்ன ஆகும்’ என்று அப்போது ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். நம் பக்கத்தில் களையெடுக்கவும், தறிக்கும், பனியன் கம்பெனி ஷிப்டுக்கும் பிள்ளையை விட்டுவிட்டுப் போகாத தாய்மார்கள் எத்தனை பேர்? பாலை மறக்கடிப்பதற்கென்றே பெற்றவளை நான்கு நாள் வேறு வீட்டுக்கு அனுப்பி வைக்கும் பாட்டிமார்கள் இன்றும் இருக்கிறார்கள். அழவும் உழைக்கவும் பிள்ளையை விட்டுப் போனால் அது கடமையாகிவிடுகிறது. சிரிக்கப் போனால் மட்டும் ஊர்சுற்றலாகிவிடுகிறது. குழந்தைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. நீங்கள் பிரசவத்துக்குப் போனீர்களா, குன்னூருக்குப் போனீர்களா என்பது அதற்கு ஒன்றுதான். என்னோடு இருப்பது யார், அம்மா வருவாளா, சொன்னபடி வந்தாளா: அது பார்ப்பது இந்த மூன்றைத்தான்.

இது நானாகச் சொல்வது அல்ல. 1960களில் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன், ஜாய்ஸ் ராபர்ட்சன் என்ற கணவன் மனைவி இருவரும், தாய் பிரசவத்துக்குப் போனதால் பிரிந்திருக்க நேர்ந்த சின்னஞ்சிறு குழந்தைகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயது வரையுள்ள பிள்ளைகள். முன்கூட்டியே பழக்கம் ஏற்படுத்திக்கொண்டார்கள். வீட்டில் என்ன சாப்பாடு, எப்படித் தூங்க வைப்பது என்று கேட்டு அதன்படியே செய்தார்கள். அம்மாவைப் பற்றித் தினமும் பேசினார்கள். அந்தக் குழந்தைகள் ஏங்கத்தான் செய்தன, ஆனால் சமாளித்துக்கொண்டன. அதே காலத்தில் பதினேழு மாதக் குழந்தை ஒன்று ஒன்பது நாள் ஒரு காப்பகத்தில் விடப்பட்டிருந்தது. அங்கிருந்த பெண்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல, அன்பானவர்கள்தான். ஆனால் ஷிப்டு மாறி மாறி வந்தார்கள். குழந்தை ஒவ்வொருத்தியிடமாக ஒட்டிப் பார்த்தது, யாரும் நிலைக்கவில்லை. கடைசியில் யாரிடமும் போகாமல் சோர்ந்துவிட்டது. அம்மா வந்தபோது அவளிடமிருந்தும் விலகிக்கொண்டது.

நம் ஊர்க் கூட்டத்தில் இதில் ஒரு பாடம் இருக்கிறது. பிள்ளைகள் வந்திருக்கின்றன என்றதும் தோட்டத்துக்குப் பெரியம்மா வருவார், சித்தி வருவார், பக்கத்துத் தோட்டத்து அக்கா வருவார். ஆளுக்கு ஒரு மணி நேரம் தூக்கிக்கொஞ்சிவிட்டுப் போவார்கள். சின்னவளுக்கு அது திருவிழா அல்ல. சாப்பாடு, குளியல், தூக்கம் மூன்றும் அம்மாயி, அதாவது உங்கள் அம்மா கையால் நடக்கட்டும். மற்றவர்கள் வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் போதும். அப்பிச்சி, அதாவது உங்கள் அப்பா, பெரியவனை மாடு கட்டும் கட்டுத்தரைக்குக் கூட்டிப்போய் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போடச் சொல்லிக் கொடுத்தாரானால், அந்த வேலை ஒன்றே இரண்டு நாளைக்குப் போதும்.

இனிச் சின்னவளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அம்மாவைப் பிரிவதில் உண்டாகும் பயம் குழந்தைகளுக்கு எட்டு மாத வாக்கில் தொடங்கும். பத்திலிருந்து பதினெட்டு மாதம் வரை உச்சத்தில் இருக்கும். பிறகு மெல்ல இறங்கி மூன்று வயதையொட்டி அடங்கும். இருபது மாதத்தில் அவள் அந்த இறக்கத்தின் தொடக்கத்தில் இருக்கிறாள். அதனால்தான் ஐந்து நாள் வேண்டாம் என்றேன். அவளுக்கு ‘நாளை மறுநாள்’ என்றால் ஒன்றும் புரியாது. ஆனால் மணம் புரியும், தாலாட்டு புரியும், தொட்டிலின் ஆட்டம் புரியும். நீங்கள் உடுத்திக் கழற்றிய பருத்திப் புடவை ஒன்றைத் துவைக்காமல் கொண்டுபோய் அம்மாயி வீட்டு விட்டத்தில் தொட்டில் கட்டுங்கள். துவைத்துத் தேய்த்த புதுப்புடவையைக் கொடுத்தால் மரியாதையாக இருக்கும், தூக்கம் வராது.

பால் விஷயத்தில் உங்கள் அம்மாவின் யோசனையை நான் ஏற்கவில்லை. இரண்டு வயது வரையிலும், விரும்பினால் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நிறுத்துவது உங்கள் விருப்பம். ஆனால் பயணத்தையும் அதையும் ஒரே முடிச்சாகப் போடாதீர்கள். அம்மாவும் இல்லை, பாலும் இல்லை, திரும்பி வந்த அம்மாவிடம் போனால் வேப்பெண்ணெய்க் கசப்பு என்றால், அந்தக் குழந்தை என்னதான் நினைக்கும்? இரண்டு இரவு கொடுக்காததால் பால் வற்றிவிடாது. மார்பு கனத்து வலித்தால், வெந்நீரில் குளிக்கும்போது கையாலேயே கொஞ்சம் பீச்சி விடுங்கள். வலி தணியும் அளவு போதும், முழுவதும் வேண்டாம். திரும்பி வந்தபின் அவள் கேட்டால் கொடுங்கள், கேட்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே சில இரவுகளில் அவள் விழிக்கும்போது உங்கள் கணவர் எழுந்து தோளில் போட்டுத் தட்டிக்கொடுக்கட்டும். அவர் பயணத்துக்குக் கொடுக்கும் முன்பணம் அது. தோட்டத்தில் இரவு விழித்தாளென்றால் டம்ளரில் தண்ணீரோ, காய்ச்சி ஆறவைத்த பசும்பாலோ போதும். பால் பாட்டிலைப் புதிதாகப் பழக்க வேண்டாம். பிறகு அதை மறக்கடிக்க நீங்கள் எனக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

பெரியவனிடம் எப்போது சொல்வது? ஒரு மாதம் முன்பே சொன்னால் ஒரு மாதமும் நச்சரிப்பான். கிளம்பும் நிமிடத்தில் சொன்னால் அது ஏமாற்று. இரண்டு மூன்று நாள் முன்பு, சாப்பிட்டு முடித்த நல்ல வேளையாகப் பார்த்துச் சொல்லுங்கள். இந்த வயதில் காலம் என்பது தூக்கக் கணக்கு. நேற்று என்றால் போன தீபாவளியும் நேற்றுதான். ஆகவே, ‘நாங்கள் கிளம்பிய பிறகு அம்மாயி வீட்டில் இரண்டு தடவை தூங்கி எழுந்தால், மத்தியானச் சோற்றுக்கு நாங்கள் வந்துவிடுவோம்’ என்று சொல்லுங்கள். தினசரிக் காலண்டரில் தாள் கிழிக்கும் வேலையை அவனுக்குக் கொடுக்கலாம். ஆனால் கிழிக்க வேண்டிய தாள்களை மட்டும் தனியே எடுத்துக் கொடுங்கள். கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு பையனிடம் இப்படிக் காலண்டரை ஒப்படைத்துவிட்டுப் பெற்றோர் போயிருக்கிறார்கள். ஒரு தாள் கிழித்தால் ஒரு நாள் குறைகிறது என்பதைப் புரிந்துகொண்ட அந்த மேதை, உட்கார்ந்த இடத்தில் பங்குனி வரைக்கும் கிழித்துவிட்டு, ‘இப்போது வந்துவிடுவார்கள்’ என்று வாசலில் போய் நின்றுகொண்டானாம். அமாவாசை என்றைக்கு, கிருத்திகை என்றைக்கு என்று பார்க்க அவன் தாத்தா அடுத்த வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்.

‘என்னையும் கூட்டிப்போங்கள்’ என்று அவன் கேட்பான். கல்யாண ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, ‘உங்கள் கல்யாணத்துக்கு என்னை மட்டும் ஏன் கூப்பிடவில்லை?’ என்று ஒரு நாள் நிச்சயம் சண்டை போட்டிருப்பான். அதைக் கேட்காத பிள்ளை தமிழ்நாட்டில் இல்லை. அவன் பார்வையில், கல்யாணத்துக்கும் விட்டுவிட்டுப் போனவர்கள் கல்யாண நாளுக்கும் விட்டுவிட்டுப் போகிறார்கள். நியாயமான மனத்தாங்கல்தான். அதற்குப் பொய்க் காரணம் சொல்லாதீர்கள். ‘அம்மாவுக்கு ஊசி போடப் போகிறோம்’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அடுத்த தடவை அம்மா உண்மையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தப் பிள்ளை படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். ‘இது அம்மாவும் அப்பாவும் மட்டும் போகிற ஊர். நாம் நான்கு பேரும் போகிற ஊர் இன்னொன்று இருக்கிறது’ என்று சொல்லுங்கள். அழுதால் அழட்டும். அழுகிறான் என்பதற்காக முடிவை மாற்றாதீர்கள்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் நான்கு பேருமாகத் தோட்டத்துக்குப் போய் அன்றிரவு அங்கேயே தங்குங்கள். சனிக்கிழமை காலை பிள்ளைகள் சாப்பிட்டு முடித்தபின், வெளிச்சத்தில், அவர்கள் கண் முன்னால் கிளம்புங்கள். ஒரு முத்தம், ‘போய்விட்டு வருகிறோம்’ என்று ஒரு வார்த்தை. சின்னவள் வீறிட்டு அழுவாள். திரும்பி ஓடி வந்து மறுபடி தூக்காதீர்கள். மூன்று தடவை விடைபெற்றால் மூன்று அழுகை. பெரும்பாலும் உங்கள் கார் தார் ரோட்டைத் தொடுவதற்குள் அவள் கோழியைத் துரத்தப் போய்விட்டிருப்பாள். தூங்கும்போது நழுவிப்போனால் அந்த ஒரு வேளை அழுகை மிச்சமாகும். ஆனால் கண்ணை மூடினால் அம்மா காணாமல் போவாள் என்று கற்றுக்கொண்ட குழந்தை, பிறகு பல இரவுகள் கண்ணை மூடவே மறுக்கும். திங்கள் மத்தியானம் வந்துவிடுங்கள். எல்.கே.ஜி.யில் ஒரு திங்கட்கிழமை போனால் குடி முழுகிப்போய்விடாது; ஆசிரியையான உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கே போவது? அவசரமென்றால் அரை நாளுக்குள் திரும்பிவிடக்கூடிய தூரமாக இருக்கட்டும். தை மாதம் மழை ஓய்ந்து, மேட்டுப்பாளையம் பாதையில் மண்சரிவுப் பயம் குறைந்திருக்கும் காலம். மே மாதக் கூட்டமும் இராது. குன்னூரோ கோத்தகிரியோ எனக்குச் சம்மதம். 2024 மே மாதத்திலிருந்து சொந்த வண்டியில் நீலகிரிக்குப் போக இ-பாஸ் எடுக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். ஏற்காடு என்றாலும் நல்லதுதான், இருபது வளைவுகளில் ஏறிவிடலாம். கொல்லிமலையை மட்டும் இந்தத் தடவை தள்ளிவையுங்கள். அங்கே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஆறு ஆண்டு கழித்துக் கிடைத்த தனிமை எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே கழிந்துவிடும். திம்பம் வழியாகப் போகும் இடங்களும் வேண்டாம். அந்த மலைப்பாதையில் இரவில் போக்குவரத்துக்குத் தடை இருப்பதால், நடு இரவில் போன் வந்தால் விடியும்வரை கையைப் பிசைந்துகொண்டிருக்க வேண்டும்.

குன்னூர் போவதானால் ஒரு விண்ணப்பம். மலை ரயிலில் போகாதீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். ஏறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். 1899இல் குன்னூர் வரையிலும், 1908இல் ஊட்டி வரையிலும் வந்த பாதை. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை, அதைக் கவ்விக்கொண்டே ஏறும் சக்கரம், பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும் இன்ஜின், பதினாறு சுரங்கங்கள். நாலரை வயது ஆண்பிள்ளைக்கு இதைவிடப் பெரிய அதிசயம் உலகத்தில் எதுவும் கிடையாது. அதில் அவனை விட்டுவிட்டு நீங்கள் இருவரும் ஏறி, போட்டோவும் எடுத்து, அந்தப் போட்டோ அவன் கண்ணில் பட்டால், அதற்கு என்னிடம் மருந்தில்லை. ‘நாம் நான்கு பேரும் போகிற ஊர்’ என்று சொன்னீர்கள் அல்லவா, அது இந்த ரயிலாக இருக்கட்டும். நீங்கள் காரில் போங்கள்.

போய்ச் சேர்ந்ததும் ஏழு இடம் பார்க்க வேண்டும் என்று பட்டியல் போடாதீர்கள். முதலில் தூங்குங்கள். உங்கள் வயதுத் தாய்மார்களுக்குத் தேனிலவைவிடத் தூக்கம்தான் பெரிய பற்றாக்குறை. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து டீ வந்தபிறகு என்ன பேசுவதென்று தெரியாமல் முழிப்பீர்கள்; கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் பழைய வீடியோவை எடுத்துப் பார்த்துச் சிரிக்க ஆரம்பிப்பீர்கள். பார்த்துவிட்டுப் போங்கள், அதிலென்ன வெட்கம். வங்கிக் கடன், நூல் விலை, அத்தையின் முகம், இந்த மூன்றை மட்டும் மேட்டுப்பாளையத்துக்குக் கீழேயே விட்டுவிட்டால் நல்லது. உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை: ஷிப்மென்ட் போகிற வாரத்தில் தேதி வைக்காதீர்கள். வைத்தால் நீங்கள் குன்னூரில் இருப்பீர்கள், உங்கள் காது திருப்பூரில் இருக்கும்.

பிள்ளைகளுக்குத் தினமும் ஒரு தடவை போன் செய்தால் போதும். பொழுது சாயும் முன்பே செய்துவிடுங்கள். தூங்கப்போகும் நேரத்தில் வீடியோவில் அம்மா முகத்தைக் காட்டினால், அதுவரை நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தை கண்ணாடிக்குள் இருக்கும் அம்மாவைத் தொட முடியாமல் உடைந்துபோகும். சின்னவளுக்கு வீடியோவே வேண்டாம். அம்மாயி போட்டோ எடுத்து அனுப்பட்டும், பார்க்க வேண்டியது நீங்கள்தானே. பெரியவனோடு பேசும்போது, ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்பீர்கள், பதிலே வராது. அவன் அங்கே தலையை ஆட்டிக்கொண்டிருப்பான். போனில் தலையாட்டல் கேட்காது என்பது அவனுக்குத் தெரியாது. பேச மறுக்கிறான், கோபமாக இருக்கிறான் என்று நீங்கள் இங்கே கண்ணீர் விட வேண்டாம். ‘கன்றுக்குட்டி என்ன செய்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள், நிறுத்த மாட்டான்.

இவ்வளவு நேரம் மனத்தைப் பற்றிப் பேசினேன். ஒரு குழந்தை மருத்துவராக என்னை உண்மையில் பயமுறுத்துவது தோட்டம்தான். நம் பக்கத்துக் கிணறுகள் அகலமானவை, பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. சின்னப் பிள்ளைகள் தண்ணீரில் மூழ்கும்போது சத்தமே வராது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். பத்துப் பேர் இருக்கிற வீட்டில்தான் இது நடக்கிறது, ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்கிறார் என்று நினைப்பதால். ‘இப்போது குழந்தை என் பொறுப்பு’ என்று எந்நேரமும் ஒருவர் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். கிணற்றுப் பக்கம் போகும் வழிக்குப் படல் கட்டி மூடச் சொல்லுங்கள். தரைத் தொட்டிக்கு மூடி போட்டு மேலே கல் வையுங்கள். குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைத்த பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். கேட்டால், ‘அதெல்லாம் ஒன்றும் இல்லை’ என்றுதான் பதில் வரும். அப்பிச்சியின் சர்க்கரை மாத்திரைகள் தலையணைக்கடியில் இருக்கும். சில வகைச் சர்க்கரை மாத்திரை ஒன்றே ஒன்று உள்ளே போனாலும் பத்துக் கிலோக் குழந்தையின் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். எல்லாவற்றையும் எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். எதையாவது விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. 108க்குப் போன் செய்துவிட்டு, அந்தப் பாட்டிலையோ மாத்திரை அட்டையையோ கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காய்ச்சல் மருந்தைப் பெயர் சொல்லி மட்டும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். பாராசிட்டமால் சிரப் ஐந்து மில்லிக்கு 125 மில்லிகிராம் என்றும் வருகிறது, 250 என்றும் வருகிறது. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. பத்துக் கிலோக் குழந்தைக்கு முதல் வகையில் ஆறு மில்லி, இரண்டாவது வகையில் மூன்று மில்லி. இந்த வித்தியாசம் புரியாமல் இரட்டிப்பு அளவு கொடுத்துவிட்டு ஓடி வருகிற பாட்டிமார்கள் உண்டு. எடை பார்த்து, எத்தனை மில்லி, ஆறு மணி நேர இடைவெளி என்று பெரிய எழுத்தில் எழுதிப் பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள். கிளம்பும் நாளுக்கு முன்பே சின்னவளுக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அறை பதிவு செய்யும்போதே ரத்து செய்ய இடமிருக்கிறதா என்று பார்த்துச் செய்யுங்கள்.

அம்மாயி மிட்டாய் கொடுப்பார், பெரியவன் கேட்டபோதெல்லாம் கச்சாயம் சுட்டுப் போடுவார், குளிக்காமல் விடுவார். இவற்றுக்கெல்லாம் விதி எழுதி வைக்காதீர்கள். கிணற்றைத் தவிர மற்றதெல்லாம் அவர் ராஜ்ஜியம்.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். அவரிடம் நீங்கள் அனுமதி கேட்கப் போக வேண்டாம், வாதாடவும் வேண்டாம். சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். ‘அம்மா, நாங்கள் சனிக்கிழமை போய்த் திங்கட்கிழமை வருகிறோம்’ என்று அவரே தன் அம்மாவிடம் சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரமாக இருந்தால் இன்னும் நல்லது. அத்தையின் கோபத்தில் பாதி, பிள்ளைகளைத் தன்னிடம் விடாமல் சம்பந்தி வீட்டில் விடுவதாக இருக்கலாம். அதை அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ‘ஊர்சுற்றல்’ என்றுதான் சொல்வார். அடுத்த தடவை அப்பத்தா முறை என்று இப்போதே சொல்லிவைக்கலாம். மனத்தில் இருந்தால் மட்டும் சொல்லுங்கள். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள்: அவருடைய நாளில் மாமனாரோடு எங்காவது இரண்டு நாள் போயிருப்பாரா? போகாதவர்களுக்குப் போகிறவர்களைக் கண்டால் கொஞ்சம் எரியத்தான் செய்யும். அதைத் தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை.

திரும்பி வரும்போது சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள். வர்க்கி வாங்க நின்று, தேயிலை வாங்க நின்று, அவினாசியில் சாப்பிட நின்று, மத்தியானம் என்றது ராத்திரியாகிவிடக் கூடாது. ஊட்டி வர்க்கி ஒரு பொட்டலம் போதும். கை நிறையப் பொம்மை வாங்கி வந்தால், ஏதோ தப்பு செய்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். சின்னவள் உங்களைப் பார்த்ததும் ஓடி வந்து ஒட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்ப்பீர்கள். அவள் அம்மாயியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூடும். பிடுங்கித் தூக்காதீர்கள். திண்ணையில் உட்கார்ந்து அம்மாவோடு பேசிக்கொண்டிருங்கள், அவளே இறங்கி வருவாள். பெரியவன் அன்று மாலை ஒன்றுமில்லாததற்கெல்லாம் சண்டை போடுவான். இரண்டு நாள் அடக்கிவைத்திருந்ததை உங்களிடம்தானே இறக்கிவைக்க முடியும்.

அதற்கடுத்த சில இரவுகள் இருவரும் விழித்து விழித்து உங்களைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஒரு வாரத்தில் அடங்கிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் சின்னவள் சரியாகச் சாப்பிடாமல், விளையாட்டில் நாட்டமில்லாமல் இருந்தாலோ, பழகிய பேச்சு குறைந்தாலோ உங்கள் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பாராசிட்டமால் அளவையும் அவரிடம் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். எடை பார்க்காமல் நான் எழுதியது உதாரணக் கணக்குதான்.